வெளிச்சப் பெட்டியில் செம்பருத்தி

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் மூச்சுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே அறைக்குள் வருகிறவர்களிடம் நாள் முழுக்க, "மூச்ச நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... ஆடாதீங்க... ம், இப்ப விடலாம்" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போதுதான் அவருக்கே தன் சொந்தப் பெயர் ஞாபகம் வரும் என்று நர்ஸ்கள் கேலி பேசுவார்கள். மனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்ளும் வேலையை வீட்டில் அவர் மனைவி மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

அவள் துணிக்கடையில் நூல் பிரிவில் பல வருடம் நின்றவள். ஒரு துண்டுத் துணியைக் காட்டினால் போதும், சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் நூல்கண்டுகளில் அதற்குப் பொருந்துவதை யோசிக்காமல் கையை நீட்டி எடுத்துவிடுவாள். "இது கிளிப்பச்சை இல்லம்மா, எலுமிச்சைப் பச்சை. நீங்க கேக்கற நூலப் போட்டுத் தெச்சா தையல் பல்ல இளிக்கும்" என்று வாங்க வந்தவர்களையே திருத்துவாள். குறை கண்டுபிடிக்கவென்றே பிறந்தவள் என்று புகுந்த வீட்டில் பேர் வாங்கியவள். கடையில் அதே குணத்துக்குச் சம்பளம் வாங்கினாள். மூச்சுக்காரர் சட்டையில் ஒரு பொத்தான் வேறு வெள்ளையாக இருந்தால்கூட வாசலிலேயே நிறுத்திவிடுவாள். வெள்ளையில் வேறு வெள்ளை உண்டு என்பதே அவருக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் அரக்குத் துணிக்குக் காப்பி நிற நூலைக் கொடுத்தாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் கருநீலத்துக்குக் கறுப்பைக் கொடுத்தாள். பிறகு பச்சைக்குச் சிவப்பு. கடை முதலாளி தங்கமான மனிதர், "கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்கக்கா" என்று தேன் தடவிச் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

கண் டாக்டரும் நல்லவர்தான். நல்லவராக இருந்து என்ன செய்ய? "விழித்திரை தேஞ்சுக்கிட்டே வருது. நிறம் போயிடுச்சு. மிச்சமும் கொஞ்சங்கொஞ்சமாப் போகும்" என்றார். நிறுத்த முடியாதா என்று மூச்சுக்காரர் கேட்டதற்கு, இப்போதைக்கு மருந்து இல்லை என்றார். எழுந்து வரும்போது, வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமலோ என்னவோ, ஒரு வார்த்தை சொன்னார்: "நல்ல வெளிச்சமும் நல்ல இருட்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா அவங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் தெரியும்."

மூச்சுக்காரர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரில் விழுந்தவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பான், அது கட்டையா கோரையா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

பூ என்று தோன்றியதற்கும் காரணம் இருக்கிறது. பால்கனியில் அவள் வளர்க்கும் தொட்டிகளில் ரோஜா ஒன்று சிவப்பாக, அகலமாகப் பூத்திருந்தது. அவள் அதற்கு நேர் முன்னால் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "என்னங்க, இந்தத் தடவ இது பூக்கவே இல்ல பாத்தீங்களா?" என்று கேட்டாள். அவர் "பூக்கும் பூக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். நிறத்தைத் தன்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் கறுப்பும் வெள்ளையும் தன் தொழில் ஆயிற்றே, ஊரார் எலும்பையெல்லாம் அதில் காட்டுகிறவனுக்கு ஒரு பூவைக் காட்ட முடியாதா என்று நினைத்தார்.

முடியவில்லை. கேமரா ஒன்றை வாங்கி, அந்த ரோஜாவையே கறுப்பு வெள்ளையில் எடுத்தார். எடுத்ததை யாரிடமாவது காட்டித் திருத்திக்கொள்ளலாம் என்று, கேமரா ரிப்பேர் கடை மாடியில் ஞாயிறு காலைகளில் கூடும் படக்காரர்கள் கூட்டத்துக்கு எடுத்துப்போனார். அங்கே ஒரு கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் படங்களைத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொருவரும் தோன்றியதைச் சொல்வார்கள். ஒரே ஒரு சட்டம்: படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. எல்லோரும் பேசி முடிக்கிற வரைக்கும் சுவரில் அடித்த ஆணி போல நிற்க வேண்டும். "படம் தானாப் பேசணும். நீங்க பக்கத்துல நின்னு அதுக்கு வக்கீல் வேல பாக்கக் கூடாது" என்பார் அந்தக் கூட்டத்தின் பெரிய தலை. பத்திரிகைக்குப் படம் எடுத்து ஓய்ந்தவர். எந்தப் படத்தைப் பார்த்தாலும் "சாம்பல் எங்க? கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல எத்தன சாம்பல் இருக்கு, அதெல்லாம் எங்க?" என்று கேட்பதால் அவருக்குச் சாம்பலார் என்று பேர்.

மூச்சுக்காரரின் படத்துக்கு முன்னால் சாம்பலார் வெகுநேரம் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "எல்லாம் சரி, பூ எங்க?" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மூச்சுக்காரர் சட்டப்படி வாயைத் திறக்கவில்லை. சிவப்பும் பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாக விழும், அதனால் பூ இலைக்குள் முங்கிப்போய்விட்டது என்று பிறகு விளக்கினார்கள். மூச்சுக்காரர் தலையாட்டினார். பேருந்து நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் படம்தான் அவள் பார்ப்பது. பால்கனியில் நின்று அவள் பார்த்தது இதைத்தான். பேருந்து வந்து நின்று போயிற்று, அவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு தவறவில்லை. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். சாம்பலார் கையில் மோதிரம் இருந்ததோ இல்லையோ, குட்டு பலமாக இருந்தது. பூவை நட்டநடுவில் வைக்காதே. வெயில் நேரே விழும்போது எடுக்காதே, வெள்ளை இதழ் வெந்து சுண்ணாம்பாகிவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் வரட்டும். பின்னால் கிடக்கும் குப்பையை முதலில் பார், பூவை அப்புறம் பார். நிறத்தை நீக்கும்போது கணினியில் சிவப்பின் வெளிச்சத்தை மட்டும் கூட்டிவிட்டால் சிவப்புப் பூ வெளுத்து இலையை விட்டுப் பிரியும் என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் சமையலறை ஜன்னலோரம் ஒரு கண்ணாடி டம்ளரில் பூவை வைத்து, பின்னால் அவள் கடையிலிருந்து எப்போதோ கொண்டுவந்த கறுப்பு வெல்வெட் துண்டைத் தொங்கவிட்டு எடுப்பார். காற்றில் பூ அசையும். "ஆடாத... மூச்சப் பிடி..." என்பார். "அதுக்கு எந்த எலும்பு ஒடஞ்சுதாம்?" என்று அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும். படம் எடுத்த பிறகு பூ டம்ளரிலேயே ஜன்னலில் இருக்கும். அவர் வேலைக்குப் போய்விடுவார்.

படத்தைக் காட்டவும் ஒரு வழி கண்டுபிடித்தார். கணினி வந்த பிறகு எக்ஸ்ரே அறையில் வேண்டாமென்று ஒதுக்கிய வெளிச்சப் பெட்டி ஒன்றைச் சொல்லிக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே டியூப் எரியும், முன்னால் பால்வெள்ளைப் பலகை. அதைக் கூடத்துச் சுவரில், அவள் நாற்காலிக்கு நேராக மாட்டினார். பிரிண்ட் கடையில் பூவைத் தாளில் போடாமல் ஒளி ஊடுருவும் ஷீட்டில் போட்டு வாங்கி, சாயங்காலம் அந்தப் பெட்டியில் செருகி ஸ்விட்சைப் போட்டார்.

கும்மிருட்டின் நடுவே ஒரு வெள்ளைச் சாமந்தி எரிந்தது. அவள் முகத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். அவருக்கு மூச்சு நின்றே போயிற்று.

"சாமந்தி" என்றாள். "பின்னாடி என்ன அது, அழுக்குத் துணி தொங்கவிட்ட மாதிரி?"

வெல்வெட்டில் ஒரு சுருக்கம். அதில் வெளிச்சம் பட்டிருந்தது. மூச்சுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சுருக்கம் தெரிகிறது! சுருக்கத்தைக் குறை சொல்லத் தெரிகிறது! ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தவரை அவள் அடக்கினாள். அவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டத்தை அவளிடம் சொல்லிச் சிரித்திருந்தார் அல்லவா, அதையே பிடித்துக்கொண்டாள். "அங்க மட்டும்தான் சட்டமா? இங்கயும் அதே சட்டம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. என்ன பூன்னும் நீங்க சொல்லக் கூடாது."

அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் பழைய குரல் திரும்ப வந்தது. கடையை விட்டு வந்ததிலிருந்து பேச்சு குறைந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், சாயங்காலமானால் தலைவாரிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார ஆரம்பித்தாள். "வலது பக்கம் காலியா இருக்கு. பூ ஓரத்துல போய் ஒண்டிக்கிட்டு நிக்கிது." "இது வெள்ள இல்ல, வெந்த வெள்ள. இதழ்ல கோடே தெரியல." சாம்பலார் சாம்பல் வேண்டும் என்பார், இவள், "இந்த மசமசப்பெல்லாம் எனக்கு வேணாம். கறுப்பு கறுப்பா இருக்கட்டும், வெள்ள வெள்ளையா இருக்கட்டும்" என்பாள். மூச்சுக்காரர் ஞாயிற்றுக்கு ஒரு படம், வீட்டுக்கு ஒரு படம் என்று இரண்டாகப் போட்டார். இரண்டு எஜமானர்களிடம் திட்டு வாங்கியும் அவர் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தார். அதை மறைக்கவும் தெரியவில்லை. எக்ஸ்ரே அறையில் சீட்டியடித்தார்.

போகப்போக அவள் சொல்லும் குறைகள் நுணுக்கமாயின. பின்னணியைப் பற்றிப் பேசுவதையே விட்டாள். "இடது பக்க இதழ் ஓரம் கிழிஞ்சிருக்கு. பாத்து வாங்க மாட்டீங்களா?" என்பாள். அவர் படத்தைப் பார்ப்பார். நூல் அளவுக்குக் கிழிசல், இவருக்கே உற்றுப் பார்த்தால்தான் தெரியும். "காம்புல முள்ளு வரிசையா இருக்கு, ஒண்ணு மட்டும் ஒடஞ்சிருக்கு" என்பாள். ஆமாம், உடைந்திருந்தது. மூச்சுக்காரர் மேலும் பார்த்துப் பொறுக்கி நல்ல பூவாகக் கொண்டுவந்தார். பின்னணியில் குறையே சொல்லவில்லை என்றால் அதில் தான் தேறிவிட்டோம் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார். "பேக்கிரவுண்டுல இப்பல்லாம் அவ ஒரு சொல்லு சொல்றதில்ல" என்று மாடியில் பெருமை வேறு அடித்துக்கொண்டார். பாவி மனிதன், வேறு எப்படித்தான் நினைப்பான்?

மழை விட்ட ஒரு காலையில்தான் அது நடந்தது. முந்தாநாள் வாங்கிவந்த லில்லி ஜன்னலில் டம்ளரில் இருந்தது. அதை எடுத்த படங்கள் எதுவும் சரியாக விழவில்லை என்று அவர் பிரிண்ட் போடவில்லை. அன்று ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது, மதில் ஓரச் செடியில் ஒரு செம்பருத்தி. ஒற்றை அடுக்கு, ஐந்து இதழ், நடுவில் தண்டு நீண்டு நிற்கிறது, இதழ் மேல் மழைத்துளி. பின்னால் நனைந்த சுவர் கன்னங்கரேலென்று இருந்தது. பையிலிருந்த கேமராவை எடுத்து, மூச்சைப் பிடித்து, ஒரே ஒரு படம் எடுத்தார். எடுத்தபோதே தெரிந்துவிட்டது. இத்தனை மாதப் பாடும் அந்த ஒரு படத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. சாம்பலார் கேட்ட சாம்பல் இதழ் மடிப்பில் இருந்தது, அவள் கேட்ட கறுப்பும் வெள்ளையும் எட்ட நின்று பார்த்தாலே தெரிந்தது. பூவைப் பறிக்கவில்லை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு பிரிண்ட் கடைக்கு ஓடினார்.

சாயங்காலம் ஷீட்டைப் பெட்டியில் செருகி ஸ்விட்சைப் போட்டார். டியூப் கண்ணடித்து எரிந்தது. செம்பருத்தி சுவரை நிறைத்துக்கொண்டு நின்றது. அவள் தலைவாரி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைப் பெட்டியருகே கொண்டுபோனாள்.

"லில்லி" என்றாள்.

அவர் விளையாட்டென்று நினைத்தார்.

"நல்லா வந்திருக்குங்க. ஆறு இதழும் தனித்தனியாத் தெரியுது. நடுவுல குச்சிகுச்சியா நிக்கிதே, அது நுனியில தூள் ஒட்டியிருக்கிறது வரைக்கும் விழுந்திருக்கு."

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போனார் என்று அவருக்கே தெரியாது. மூச்சு இழுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், கையைத் தூக்கினாள். "ம்ம்! சட்டம் என்ன? நான் இன்னும் முடிக்கல."

தூக்கிய கையின் விரல் நுனிகளில் பழுப்பு நிறத்தில் பொடி அப்பியிருந்தது. லில்லித் தூள் லேசில் போகாது. சட்டையில் பட்டால் சட்டையைத் தூக்கிப்போட வேண்டியதுதான். அவர் திரும்பிச் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். டம்ளரில் லில்லி அப்படியே இருந்தது. ஒரு இதழ் மட்டும் நுனியில் சுருண்டிருந்தது.

"ஒரு இதழ் நுனி மட்டும் லேசா சுருண்டு காஞ்சிருக்கு. அது ஒண்ணுதான் குறை" என்றாள் அவள். கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம், பெட்டியில வெளிச்சம் முன்ன மாதிரி இல்லையோ? டியூப் பழசாயிடுச்சா?"

டியூபை அவர் போன வாரம்தான் மாற்றியிருந்தார்.

"முடிச்சிட்டேன். இப்பப் பேசலாம்" என்றாள்.

"ஆமா" என்றார் மூச்சுக்காரர். "டியூப்தான். மாத்திடறேன்."

அவள் திருப்தியாக எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள். சுவரைத் தடவிக்கொண்டு போவதை அவர் அன்றுதான் பார்த்தார். எத்தனை நாளாக அப்படிப் போகிறாள்? இவர் கண்தான் முழுக்க முழுக்கப் பெட்டியில் இருந்ததே.

அவர் பழைய ஷீட்களையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் செருகிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்கு மனப்பாடம். சாமந்திக்குச் சுருக்கம். சூரியகாந்திக்கு, மூலையில் யாரோ நிற்கிற மாதிரி ஒரு நிழல். அதெல்லாம் கண் சொன்ன குறை. சூரியகாந்திக்கு அடுத்து வந்தது ரோஜா. இதழ்க் கிழிசல். அதற்கடுத்தது முள். அதற்கடுத்தது, இலையின் பின்பக்கம் சொரசொரப்பாக இருக்கிறது என்றாள். இலையின் பின்பக்கம்! படத்தில் இலைக்கு ஏது பின்பக்கம்? அன்று அவர் அதை அவளுடைய குறும்பு என்று நினைத்துச் சிரித்தார். சூரியகாந்திக்குப் பிறகு அவள் சொன்ன ஒரு குறைகூட விரலுக்கு எட்டாத குறை இல்லை. இவர் வேலைக்குப் போனதும் ஜன்னலுக்கு வந்து, டம்ளரைத் தேடி, பூவை இதழ் இதழாகத் தடவி, சாயங்காலத்துக்குப் பாடம் படித்து வைத்திருக்கிறாள்.

இவருக்காகச் செய்தாளா, தனக்காகச் செய்தாளா? அவரால் சொல்ல முடியவில்லை. போய்க் கேட்டுவிடலாம். கேட்டால் நாளைச் சாயங்காலம் அவள் தலைவாரிக்கொண்டு வந்து உட்கார மாட்டாள். கேட்காவிட்டால்? கேட்காவிட்டாலும் கண் வரப்போவதில்லை. ஊரில் உள்ளவர்களின் நெஞ்சுக்கூட்டையெல்லாம் ஊடுருவிப் பார்த்துச் சம்பாதித்தவர், ஒரே கூடத்தில் பக்கத்து நாற்காலியில் நடந்ததைப் பார்க்கவில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது, அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதால் அதையும் விழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை செம்பருத்தியைக் கயிற்றில் தொங்கவிட்டார். ஒருவரும் குறை சொல்லவில்லை. சாம்பலார் பக்கத்தில் போய்ப் பார்த்தார், எட்ட நின்று பார்த்தார், கடைசியில், "சாம்பல் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை. பிறகு, "இவ்வளவு சீக்கிரம் எப்படிங்க தேறினீங்க?" என்று கேட்டார்.

"வீட்டுல குறை சொல்லுவாங்க" என்றார் மூச்சுக்காரர்.

"அப்ப அவங்க கண்ணு சாதாரணக் கண்ணு இல்ல. ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. எங்க படத்தையும் பாத்துச் சொல்லட்டும்."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மூச்சுக்காரர் தலையாட்டினார். திரும்பும் வழியில் பூக்கடையில் நின்று ஒரு ரோஜா வாங்கினார். நல்லதாகப் பார்த்துத்தான் வாங்கினார், பழக்கம்.

மறுநாள் காலையில் அதை டம்ளரில் வைத்து, வெல்வெட்டைச் சுருக்கமில்லாமல் தொங்கவிட்டு எடுத்தார். அவள் உள்ளே பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள். கிளம்பும் முன் டம்ளரைச் சுவரோரத்திலிருந்து அவள் கைக்கு எட்டும்படி இந்தப் பக்கம் நகர்த்தினார். ஒரு நிமிஷம் நின்றார். பூவில் எந்தக் குறையும் இல்லை. குறையே இல்லையென்றால் சாயங்காலம் அவள் என்னதான் சொல்லுவாள்? சத்தம் வராமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது பக்க இதழின் ஓரத்தை நகத்தால் கொஞ்சம் கிள்ளினார். கேமராவை மறுபடி எடுத்து இன்னொரு படம் எடுத்தார்.

சாயங்காலம் பெட்டி எரிந்தது. அவள் தலைவாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ரோஜா" என்றாள். "இடது பக்கம் ஒரு இதழ் ஓரம் பிஞ்சிருக்கு. எத்தன தடவ சொல்றது உங்களுக்கு? பூவப் பாத்து வாங்கத் தெரியாதா?"

அவர் சட்டப்படி வாயைத் திறக்காமல் நின்றார்.